கூரைமேல் ஓர் உம்மத்

சுபஹ் தொழுகையில் ஸலாம் கொடுக்கும்போதே கூரைத் தகரம் தடதடத்தது. அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக் கடிகாரம் குரங்குகள்தாம். 2024ஆம் ஆண்டு ரம்புட்டான் காலம். இம்முறையாவது பேரப்பிள்ளைகள் நாலு பழம் தின்ன வேண்டும் என்று உம்மா காத்திருந்தார். ஓடிப்போய்க் கல்லை எடுத்து எறிந்தேன். அதற்குமுன் ஒருநாளும் பட்டதில்லை, அன்று பட்டது. கிளையிலிருந்த குரங்கு தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதன் வயிற்றோடு ஒரு குட்டி ஒட்டிக்கிடந்தது.

"புள்ளக்காரிக்கா எறிஞ்ச மகன்?" என்றார் உம்மா. வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உடவத்தகெலைக்குப் போனேன். எங்கள் கூரைக்கு வருபவை ஹந்தானைப் பக்கத்துக் கூட்டம். என்றாலும் சிறுவயதிலிருந்தே காடு என்றால் எனக்கு உடவத்தகெலதான். தலதா மாளிகைக்குப் பின்னால் 104 ஹெக்டேயர். மன்னர் காலத்தில் குடிமக்கள் நுழையக்கூடாத வனம், 1856இல் ஒதுக்குக் காடு, 1938இல் சரணாலயம். வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு முதன்முதலில் சருகுமானைக் கண்டது அங்கேதான். இன்று அதைச் சுற்றிவர வீடுகள். உள்ளேயோ, தென்னமெரிக்காவிலிருந்து வந்த பெரு பால்சம் மரம் சிறகுள்ள விதைகளைக் காற்றில் பரப்பி, நாட்டு மரக் கன்றுகளை எழும்பவிடாமல் அடர்ந்துவருகிறது. காட்டுக்குள்ளும் இடம் பறிபோகிறது என்பதை அன்றுதான் நின்று பார்த்தேன்.

சிங்களத்தில் ரிலவா எனப்படும் இந்தக் குரங்கு இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழ்வது. ஒரு இலட்சம் ரிலவாக்களைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு 2023இல் எழுந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போய், அனுப்புவதில்லை என்று முடிந்தது. தோட்டத்தை நம்பி உலை வைக்கும் விவசாயிக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. அவருடைய இழப்பு வயிற்றோடு சம்பந்தப்பட்டது. என்னுடையது சில ரம்புட்டான் பழங்கள். அதற்கா அந்தக் கல்?

நம்மைக் குறிக்கும் உம்மத் என்ற சொல்லின் பன்மையைத்தான் குர்ஆன் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பாவிக்கிறது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். கல் பட்ட பிறகுதான் அது காதில் விழுந்தது.

2025 மார்ச் 15ஆம் திகதி, ஐந்து நிமிடம் தோட்டத்தில் நின்று விலங்குகளை எண்ணும்படி அரசு நாடெங்கும் கேட்டது. நானும் உம்மாவும் நின்றோம். பதினேழு எண்ணினேன். தோளைச் சாய்த்து நடந்த ஒன்றைக் கண்டதும் உம்மா என் கையைத் தொட்டார்.

"ஒரு கிளைக்கு வலை போடு மகன். மிச்சம் அதுகளுக்கு."

போட்டிருக்கிறேன்.