சிவப்பு விசை

மோட்டார் சைக்கிளின் வலக் கைப்பிடியருகே சிவப்பாய் ஒரு விசை உண்டு. அதைத் தட்டினால் தீப்பொறி அறுந்து யந்திரம் ஓயும். சாவி இருக்க இஃது எதற்கென்று நாமும் பல்லாண்டு ஏளனம் செய்தோம்.

சென்ற மழைக்காலத்தில், தோட்டத்துச் செம்மண் சரிவில் வழுக்கி வீழ்ந்தோம். வண்டி நம் காலை அழுத்திற்று. பின்சக்கரமோ சுழன்றவாறே இருந்தது. பெட்ரோல் கசிந்து நாறிற்று. சாவி கைக்கு எட்டவில்லை. விசை விரலருகே இருந்தும் பழகாத விரல் அதை நாடவில்லை. பால்வெட்டு முடித்து வந்த ஓர் இளைஞர் ஓடிவந்து அதைத் தட்டினார். "தலைவிதி நல்லது" என்றனர் லயத்துப் பெரியோர். நம்மைக் காத்தது விதியன்று, அவ்விளைஞரின் பழக்கமே.

அமெரிக்காவில் 1974 முதல் புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு இவ்விசை கட்டாயம். நம் நாட்டில் ஓடும் சிறு வண்டிகள் பலவற்றில் அஃது இல்லை. உடையோர் நாடோறும் முதலில் விசையையும் பின்னர்ச் சாவியையும் அணைத்துப் பழகுக. சாவியை மறந்தால் விளக்கெரிந்து மின்கலம் வற்றும். விசையை மீட்க மறந்தால் காலையில் உதைத்து உதைத்துக் கால்தான் நோகும். இவை சிறு தொல்லைகளே, நாமும் பட்டோம். ஆயினும் ஆபத்தில் அறிவு தடுமாறும். கையோ தான் பழகியதையே செய்யும்.