வெள்ளெழுத்து

ஃபிலிம் கேமராவிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இழந்ததைத்தான் எழுதுகிறார்கள். இருட்டறை, ஹைப்போ வாசனை, ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம் என்ற கட்டுப்பாடு. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் வல்லத்திராக்கோட்டையில் எங்கள் ஸ்டூடியோ மாறியதற்குக் காரணம் என் தாய்மாமாவின் கண்.

மாமா கல்யாண ஃபோட்டோக்காரர். நான் அவருக்கு ஃபிளாஷ் பிடிக்கிற பையன். கையில் நிக்கான் எஃப்எம்10, 50 மில்லிமீட்டர் லென்ஸ். அந்தக் கேமராவில் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். மேல்பாதியில் இருக்கும் புடவைக்கரை கீழ்ப்பாதியில் விலகி நிற்கும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து ஒரே கோடாகச் சேரும். சேர்ந்த இடம்தான் ஃபோகஸ். தாலி கட்டும்போது ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று, பந்தல் வெளிச்சம் பற்றாமல் எஃப்/4 வைத்து எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் ஒரு சாண்தான். மாப்பிள்ளை கொஞ்சம் முன்னால் குனிந்தால் போச்சு. கெட்டிமேளம் இரண்டாம் தடவை அடிக்க மாட்டார்கள்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவருக்கு வெள்ளெழுத்து வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. லேபிலிருந்து ஆல்பம் வரும், மணமக்கள் முகம் மசமசவென்று இருக்கும், பின்னால் மணவறையின் ஜிகினாத் தாள் பளிச்சென்று இருக்கும். அவர் ஒன்றும் பேசாமல் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தைச் செருகுவார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்னால் அவர் தப்படி போட ஆரம்பித்திருந்தார். இரண்டு தப்படி, மூன்று தப்படி என்று அளந்து நின்று, லென்ஸ் வளையத்தில் எழுதியிருக்கிற மீட்டர் கணக்கில் திருப்பி வைத்துக்கொண்டு எடுத்தார். வட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

"கண்ணாடி போடலாமுல்ல மாமா?" என்றேன்.

"கண்ணாடி போட்ட போட்டோக்காரன எவன்டா கூப்புடுவான்? அதோட கண்ணாடிய வச்சுக்கிட்டு இதுக்குள்ள பாத்தா ஓரமெல்லாம் மறையுது மாப்ள."

2008இல் செகண்ட் ஹேண்டாக ஒரு நிக்கான் டி80 வாங்கி வந்தார். எதிர்த்தது நான்தான். எனக்கு இருபத்தி இரண்டு வயது, கண் நன்றாக இருந்தது. கருப்பு வெள்ளையின் மகிமை பற்றியெல்லாம் படித்து வைத்திருந்தேன். ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் ஒன்றும் அப்போது புதிதில்லை. மினோல்டா 7000 வந்தது 1985இல். எங்கள் ஊருக்கு வந்து சேர இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

எனக்குப் பிறகுதான் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கேமராக்களில் உள்ளே இருக்கும் ஆட்டோஃபோகஸ் வேறு மந்திரம் ஒன்றும் செய்வதில்லை. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு பிம்பமும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, லென்ஸை அந்த அளவுக்குத் திருகுகிறது. வெட்டுப்பட்ட வட்டத்தில் மாமா இருபது வருடம் பார்த்த அதே வேலை. அதனால் அதன் பலவீனமும் அதுவே. கோடில்லாத இடத்தில் திணறும். ஸ்கூலில் ஒரு ஆண்டு விழாவுக்குப் போனபோது எனக்கு லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா பக்கத்தில் வந்து, "வெறும் வேட்டில வைக்காத. கரையில வையி" என்றார். புதுக் கேமரா வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை.

அதில் பதினோரு ஃபோகஸ் புள்ளி. கடைசிவரை நடுப்புள்ளியைத் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை. வியூஃபைண்டர் ஓரத்தில் கண்பார்வைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்த அன்று வெகுநேரம் கேமராவைக் கீழே இறக்கவே இல்லை, வாசலில் நிற்கிற வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எரிச்சல்களும் இருந்தன. எங்கள் பக்கத்துச் செம்புழுதி பெரிய எரிச்சல். ஃபிலிமில் தூசி விழுந்தால் அந்த ஒரு ஃபிரேமோடு போகும், அடுத்த படத்துக்குப் புது ஃபிலிம். சென்சாரில் உட்கார்ந்த தூசி ஊரில் உள்ள எல்லா வானத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளியாக நிற்கும்.

நான் டிஜிட்டலை ஏற்றுக்கொண்டது ஒரு மொய் விருந்தில். ஆடி வந்தால் வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்துதான். ஃபிலிம் காலத்தில் பந்தியையும், மொய் எழுதுகிறவர்களையும், முக்கியஸ்தர்களையும் எடுப்போம். படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்ததால் ஓரமாக உட்கார்ந்திருக்கும் கிழவிகளை யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். அவர்களில் பலருக்குப் பிணமாக நாற்காலியில் சாத்தி வைத்த பிறகு எடுத்ததுதான் முதல் படம். அப்படி நானே ஃபிளாஷ் பிடித்திருக்கிறேன். டி80 வந்த பிறகு மாமா பந்தி முடிந்ததும் அவர்களிடம் போய், "அப்பாயி, இங்க பாரு" என்று ஒவ்வொருவரையும் எடுத்தார். பைசா கேட்கவில்லை. பல்லில்லாமல் சிரிக்கிற அந்தப் படங்கள்தான் பிற்பாடு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்களில் வந்தன. கட்டுப்பாடுதான் கலை என்று சொல்கிறவர்களிடம் எனக்கு அதற்கப்புறம் பேச்சு நீளவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. ஸ்டூடியோவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்து, கம்ப்யூட்டர் நனைந்து செத்தது. 2008க்குப் பிறகு எடுத்த கல்யாணங்களில் பாதி அதோடு போயிற்று. நெகட்டிவ் வைத்திருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளும் தண்ணீர். நான் வெயிலில் பரப்பலாம் என்றேன். மாமா விடவில்லை. "காஞ்சா ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிரும். அண்டாவுல தண்ணி ஊத்து." ஊறவைத்து, ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். கரண்ட் வரப் பல வாரம் ஆனது, வேறு வேலையும் இல்லை.

நெகட்டிவில் தலைமுடி வெளுத்தும் முகம் இருண்டும் தெரியும், யாரென்று சட்டென்று பிடிபடாது. மாமா ஒரு துண்டை வானத்துக்கு எதிரே நீட்டி, கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"இது எந்த ஊருக் கல்யாணம்னு பாரு மாப்ள. பந்தல் நெனப்பு இருக்கு. ஆளு தெரியல."