வேலியோரச் சிவப்புப் புள்ளி

பக்கத்து வீட்டு மாமி தேத்தண்ணி ஊற்றினால் சீனியை அள்ளித்தான் போடுவா. மாமிக்கு இனிப்பு விருப்பம் என்றே சிறுவயதிலிருந்து நினைத்திருந்தேன். அது கிணற்றின் உப்பை மறைக்கப் போடும் சீனி என்று சென்ற வருடம்தான் விளங்கியது.

இறக்கக்கண்டியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டை வீதியில் போகும்போது ஒரு பாலம் வருமே, அதுதான் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். இந்த மணலைத் தோண்டினால் குடிக்கக்கூடிய தண்ணீர் வருவது பெரிய நிஃமத். மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உப்பு நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கேட்க நல்ல கணக்குத்தான். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்து அப்படியே நின்றால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறி வரும்.

மூத்தம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு நடந்ததை அவ சொல்லுவா. "இறைச்சு இறைச்சு ஊத்தினோம் புள்ள, உப்புப் போகல்ல. மழைதான் கழுவிச்சு." சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தாரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே இழுபடும். மழைக்குப் பொறுத்திருக்க வேண்டும். இதை வாசித்தபோது மூத்தம்மா மீது எனக்கு இன்னொரு மரியாதை வந்தது.

வகுப்பில் புவியியல் தகவல் முறைமை படிப்பித்த டீச்சர், அதை வைத்து ஊருக்கு உதவுகிற ஒன்றைச் செய்யச் சொன்னா. கையில் காசில்லை. காக்காவின் பழைய மடிகணினிதான் இருந்தது. ஆனால் இந்தத் துறையில் நல்ல கருவிகள் பல இலவசம்! கேரி ஷெர்மன் என்பவர் 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் மென்பொருளை இன்று உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எவரும் தன் ஊரை வரையலாம். எங்கள் ஒழுங்கை அதில் இல்லை. நானே கீறிச் சேர்த்தேன். இதெல்லாம் வெளிநாட்டார் வேலை என்று நினைக்க வேண்டாம். சுனாமி வந்த கையோடு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கு இலங்கைக் கணினி வல்லுநர்கள் எழுதிய 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருள், 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது.

முதலில் செய்மதிப் படங்களில் தேடினேன். லேண்ட்சாட் படங்கள் 2008இலிருந்து எல்லோருக்கும் இலவசம். 1984 முதல் எடுக்கப்பட்ட சுமார் 30 இலட்சம் படங்களைக் கோர்த்து, எங்கே எப்போது தண்ணீர் நின்றது என்று காட்டும் இணைய வரைபடம்கூட இருக்கிறது. எங்கள் களப்பை அதில் பார்த்து வெகுநேரம் இருந்துவிட்டேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம். எங்கள் வளவும் மாமியின் வளவும் கிணறுகளோடு ஒரே சதுரத்துக்குள் விழுந்துவிடும். கிணற்றுக்குள் இருக்கும் உப்பைச் செய்மதி பார்க்காது. வாளியோடு நாங்களேதான் போக வேண்டும்.

நான்கு பேர் போனோம். டீச்சர் இரவல் வாங்கித் தந்த மின்கடத்துதிறன் மீற்றரைத் தண்ணீரில் விட்டால், உப்புக் கூடக் கூட எண் கூடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் 23 கிணறுகளை அளந்து, இடத்தைக் கைபேசியில் பதிந்தோம். "தண்ணிய அளந்து வரி போடப் போறாங்களா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

அதில் ஒரு பிழை விட்டோம். சில கிணறுகளைச் சுபஹுக்குப் பிறகும் சிலவற்றை அஸருக்குப் பிறகும் அளந்துவிட்டோம். டீச்சர் எல்லாவற்றையும் மறுபடி அளக்கச் சொன்னா. அழுகை வந்தது. மறுபடி அளந்தபோது பார்த்தால், சில கிணறுகளில் மட்டும் காலையைவிட மாலையில் எண் கூடியிருந்தது. அவை எல்லாம் தோட்ட மோட்டார்களுக்குக் கிட்ட இருந்தவை.

எண்களைக் கியூஜிஐஎஸ்ஸில் போட்டு, இடைவெளிகளை நிறத்தால் நிரப்பச் சொன்னேன். அது களப்பையும் சேர்த்துப் பச்சையாக்கிவிட்டது, களப்புத் தண்ணீரையும் குடிக்கலாம் என்பதுபோல. கணினிக்கு எது களப்பு, எது வளவு என்று நாம்தான் சொல்ல வேண்டும். கரையை வெட்டித் திருத்திய பிறகு, ஆகச் சிவந்த புள்ளி எங்கள் வேலியோரத்தில் நின்றது. மாமியின் கிணறு. அதற்கு இந்தப் பக்கம் எங்கள் வெங்காயத் தோட்டமும் வாப்பாவின் மோட்டாரும். அந்தப் பக்கம் களப்பு. நாங்கள் இழுக்க இழுக்க, உப்பு மாமியின் கிணற்றைத் தாண்டித்தான் எங்களிடம் வர வேண்டும்.

அன்றிரவு நான் வாப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த வெங்காயத்தில்தான் என் பஸ் காசும் வகுப்புக் காசும் வருகிறது.

மறுநாள் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நம்மட வேலிதானே?" என்றார். பிறகு, "இது நிச்சயமா மகள்?" என்று கேட்டார். 23 கிணறுகளையும் ஒரு பருவத்தையும் வைத்து நிச்சயம் என்று சொல்ல முடியாது என்றேன். எங்கள் தோட்டத்திலும் வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியிருந்ததை அவர்தான் நினைவுபடுத்தினார். அடுத்த கிழமையிலிருந்து மோட்டாரை ஒரே மூச்சில் ஓடவிடாமல், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரித்தார். மாமியின் கிணற்றில் மாலை எண் சற்று இறங்கியது. சற்றுத்தான்.

வரைபடத்தை இணையப் பக்கமாக மாற்றுவது பெரிய வேலையல்ல. அதற்கும் ஓர் இலவச இணைப்புச் செருகி இருக்கிறது. ஒரு புள்ளியைத் தொட்டால் எண் வரும். செய்து முடித்து மாமியிடம் ஆசையோடு காட்டினேன். மாமியின் முகம் மாறிவிட்டது. அந்த வளவுதான் அவவின் இளைய மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க இருக்கும் வளவு. சம்பந்தம் பேசி வந்துகொண்டிருந்தார்கள். "இந்தப் புள்ளிய எடுத்திரு மகள். தண்ணி கூடாத வளவு எண்டு உலகத்துக்கே காட்டப் போறியா?" என்றா.

எனக்குக் கோபம் வந்தது. பின்பு வெட்கம் வந்தது. உப்பை இழுத்தது நாங்கள். சிவப்பு விழுந்தது அவவின் பெயரில். தண்ணீர்த் தரவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வகுப்பில் பேசியவள் நான். எந்தக் கிணற்றுக்காரரிடமும் முதலில் சம்மதம் கேட்கவில்லையே.

இப்போது இணைய வரைபடத்தில் தனிக் கிணறுகள் இல்லை. ஒழுங்கை ஒழுங்கையாகச் சேர்த்து நிறம் மட்டும் காட்டுகிறோம். முழு எண்களும் டீச்சரின் கோப்பில் இருக்கின்றன. கிணற்றுக்காரர் கேட்டால் தங்கள் எண்ணைப் பார்க்கலாம். அப்படிச் செய்ததால் மோட்டார்க்காரர்களும் தப்பிவிட்டார்கள் என்று என் கூட்டாளி ஒருத்தி சொல்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் மோட்டாரை நானே புள்ளியிட்டுப் பெயரோடு காட்டியிருக்கிறேன், வாப்பாவின் சம்மதத்தோடு.

மாரி தொடங்கியதும் அநேகமான கிணறுகள் பச்சைக்குத் திரும்பிவிட்டன. மழை நின்று மறுபடி கச்சான் அடிக்கும்போதுதான் உண்மை தெரியும். அப்போது எனக்குப் பரீட்சை நெருங்கிவிடும். தங்கச்சிக்கு மீற்றர் பிடிக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் இடையில் வாளியைக் கழுவ வேண்டும் என்பதை மட்டும் அவள் மறந்துவிடுகிறாள்.