கால்வாயை வெட்டியவர் யார்?

விளையாட்டு வினையாகும் என்பர். ஒரு மாணவனின் விளையாட்டு எமக்குப் பாடமாயிற்று. அதனையே இங்கு எழுதுகின்றோம்.

எம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயிலும் அம்மாணவன், கணினியிலே போர் விளையாட்டு ஆடுவதில் வல்லவன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து நாடொன்றைத் தெரிந்தெடுத்து, அதன் ஆலைகளையும் தரைப்படையையும் கடற்படையையும் ஆடுபவனே நடத்திச் செல்லும் விளையாட்டு அது. அன்று அவன் சோவியத் நாட்டை நடத்திக்கொண்டிருந்தான். பால்டிக் கடலில் நின்ற தன் போர்க்கப்பல்களை வடகடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆனால் பால்டிக் கடலின் வாயிலில் உள்ள டென்மார்க்கின் ஒடுங்கிய நீரிணைகளைப் பகைவன் அடைத்துவிட்டான்.

"நாட்டுக்குள்ளால கப்பலைக் கொண்டுபோக உண்மையில வழி இருந்ததோ சேர்?" என்று எம்மிடம் கேட்டான்.

வழி இருந்தது. 1933 மே மாதத்தில் குரோன்ஸ்டாட் துறையிலிருந்து இரண்டு நாசகாரிக் கப்பல்களும், இரண்டு காவற்கப்பல்களும், இரண்டு நீர்மூழ்கிகளும் புறப்பட்டன. நேவா ஆறு, லடோகா ஏரி, சுவீர் ஆறு, ஒனேகா ஏரி என நீர்வழியே சென்று, பொவெனெத்ஸ் என்னும் ஊரில் அவை புதிதாக வெட்டப்பட்ட கால்வாயுள் நுழைந்தன. 227 கிலோமீற்றர் நீளமான அவ்வழியில், நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் கதவிட்ட தொட்டிகள் 19 இருந்தன. அவற்றைக் கடந்து வெண்கடலை அடைந்த அக்கலங்கள் ஆகஸ்ட் மாதத்தில் மூர்மான்ஸ்க் சேர்ந்தன. சோவியத் வடகடற்படையின் தொடக்கம் அவையே.

இவ்வளவையும் நூல்களிலே தேடி, மறுநாள் அவனுக்குச் சொன்னோம். அவன் வியந்து கேட்டான். பின்னர், "அந்தக் கால்வாயை ஆர் வெட்டினது சேர்?" என்றான்.

இக்கேள்வி எமக்குப் புதியதன்று. வகுப்பிலே நாமே பலமுறை எழுப்பியிருக்கின்றோம். 1869இல் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாயைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கட்டாய ஊழியத்துக்கு இழுத்துவரப்பட்ட எகிப்திய விவசாயிகளை நினைவூட்டாமல் நாம் விட்டதில்லை. 1914இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயைச் சொன்னால், அமெரிக்கர் அதனை வெட்டிய பத்தாண்டுகளில் மாண்ட 5,600க்கு மேற்பட்ட தொழிலாளரைச் சொல்லுவோம். அவர்களுட் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு மக்கள். வெள்ளையருக்குப் பொன்னாணயத்திலும் அவர்களுக்கு வெள்ளிநாணயத்திலும் சம்பளம் கொடுக்கப்பட்ட கொடுமையையும் சொல்லுவோம். முதலாளித்துவம் தோண்டிய கால்வாய்களின் அடியில் கிடக்கும் எலும்புகளை எண்ணிக் காட்டுவதில் நாம் என்றும் தயங்கியதில்லை.

ஆனால் அன்று தயங்கினோம். "சோவியத் தொழிலாளர்கள்" என்ற விடை எம் நாவின் நுனிவரை வந்தது. அது உண்மையன்று என்பது எமக்குத் தெரியும்.

வெண்கடற் கால்வாயை வெட்டியவர்கள் கைதிகள். இரகசியப் பொலிஸின் நிருவாகத்தில் இருந்த கட்டாய உழைப்பு முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கூட்டுப்பண்ணை இயக்கத்தின்போது நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட விவசாயிகள் பலர் அவர்களுள் இருந்தனர். ஒரே வேளையில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். 1931இன் இறுதியில் தொடங்கிய வேலை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்கப்பட்டது. பெரும் பொறிகள் இல்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் மரத்தாலான தள்ளுவண்டியுமே கருவிகள். உறைபனியிலே பாறையை உடைத்தார்கள். அரசின் பதிவுகளின்படியே மாண்டவர் தொகை ஏறத்தாழ 12,000. 25,000 வரை இருக்கலாம் என்று கணிப்போரும் உளர்.

இத்தனை உயிர்களைக் கொடுத்து வெட்டிய வழியின் ஆழமோ ஏறத்தாழ மூன்றரை மீற்றர் மாத்திரமே. பெரும் போர்க்கப்பல்கள் அதனூடே செல்ல இயலாது. 1941இல் போர் அப்பகுதியை எட்டியபோது தென்முனையின் தொட்டிகள் தகர்க்கப்பட்டன. 1946 வரை அதனூடே முழுவழிப் போக்குவரத்து நடைபெறவில்லை. பாசிசத்தை முறியடிக்க அக்கால்வாய் இன்றியமையாததாயிற்று என்று வாதிடுவோர்க்கு இவ்விரு உண்மைகளும் இடந்தரமாட்டா.

இவற்றிலும் மேலாக எம்மை வருத்தியது வேறொன்று. 1933 ஆகஸ்டிலே 120 எழுத்தாளர்கள் கப்பலேறி அக்கால்வாயைச் சுற்றிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு, 36 எழுத்தாளரின் கூட்டுப் படைப்பாக அதன் வரலாறு நூலாயிற்று. உழைப்பு கைதிகளைப் புதிய மனிதராக வார்த்தெடுத்தது என்பதே அந்நூலின் செய்தி. மாண்டவருக்கு அதில் இடமில்லை. பதிப்பாசிரியர் மூவருள் முதலாமவர் மாக்சிம் கார்க்கி. ஏனைய இருவரான அவெர்பாக், பீரின் ஆகியோர் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நூலும் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. கைதிகளை மறைத்த நூலை, அதனைச் செய்வித்த ஆட்சியே பின்னர் மறைத்தது.

கார்க்கி எமக்கு யார் என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. ரகுநாதனின் தமிழில் 'தாய்' நாவலைப் படித்த பின்னரே, எழுத்து யார் பக்கம் நிற்க வேண்டும் என்பது எமக்குத் தெளிவாயிற்று. ஆண்டுதோறும் அந்நூலை மாணவர்க்கு இரவல் கொடுக்கின்றோம். அந்தக் கார்க்கியே பேசாதவர் பக்கம் நிற்கத் தவறிய இடம் ஒன்று உண்டு என்பதை மாத்திரம் நாம் எந்த மாணவனுக்கும் சொன்னதில்லை. எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாகாது என்பது நாம் எமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மையில், மாண்ட விவசாயியைவிட எமது நம்பிக்கையின் மானமே எமக்குப் பெரிதாக இருந்தது. எகிப்திய விவசாயிக்காக இரங்கிய நெஞ்சு ரஷ்ய விவசாயிக்காக இரங்கவில்லையெனின், அந்த இரக்கத்தை முற்போக்கு என்று எவ்வாறு அழைப்பது?

எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னோம். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "சேருக்கு இது முந்தியே தெரியுமோ?" என்று பின்னர் கேட்டான். தெரியும் என்றோம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நாம் பட்ட பாட்டை நாமே அறிவோம்.

விளையாட்டுத் திரையிலே கப்பல் ஓடக் கோடொன்று இருந்தாற் போதும். அதை வெட்டியவன் முகம் தெரிய வேண்டியதில்லை. அரசுகள் நாட்டுப்படத்தைப் பார்ப்பதும் இவ்வாறுதான். எழுத்தாளனும் ஆசிரியனும் அவ்வாறு பார்க்கத் தொடங்கினால், அம்முகத்தைக் காட்ட வேறு எவரும் இல்லை.

சென்ற கிழமை அவன் 'தாய்' நாவலுடன் வந்தான். பாதிதான் வாசித்திருந்தான். "இதை இன்னும் வாசிக்கலாமோ சேர்?" என்றான்.

"வாசி. அந்த நூல் முதலாளியிடம் கேட்கும் கேள்வியை, அதை எழுதியவரிடமும் கேள். எம்மிடமும் கேள்" என்றோம்.

அவன் நூலைத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டு போனான்.