திருகுக்குள் திருகு

காயில் கட்டும் கடைக்கென்று ஒரு வாசனை உண்டு. எரிந்த எனாமலும் சூடான வார்னிஷும் கலந்த வாசனை. கோயம்புத்தூர் கணபதியில் பெரியப்பா கடை வைத்திருந்த சந்துக்குள் நுழையும்போதே அது மூக்கில் ஏறிவிடும். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். பைகாரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் 1930களில் மலையிறங்கி வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரிலேயே மோட்டார் செய்துகாட்டினார்கள். அந்தக் கதையைப் பெரியப்பா குலதெய்வத்தின் கதையைச் சொல்வது போலச் சொல்வார். மோட்டார் செய்கிற ஊரில் எரிந்த மோட்டாருக்கும் பஞ்சமில்லை. கடை வாசலில் எப்போதும் நாலைந்து வரிசையில் நிற்கும்.

1980களின் ஒரு சித்திரை மாதத்தில் ஒரு ஆசாரி தன் உலைக்களத்து புளோயரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அரிவாளும் மண்வெட்டியும் கொழுவும் அடிக்கிறவர். ஒரு எச்.பி. மோட்டார், அதன் சாப்ட்டிலேயே நேரடியாக மாட்டிய அலுமினிய இம்பெல்லர், சுற்றிலும் நத்தை வடிவத்தில் தகரக் கூண்டு. காயில் எரிந்திருந்தது. காயில் கட்டுவது பெரியப்பாவுக்கு ஒரு பொழுது வேலைதான். ஆனால் இம்பெல்லரைக் கழற்றினால்தான் கூண்டைக் கழற்ற முடியும். கூண்டு வந்தால்தான் மோட்டாரின் முன்மூடி வரும், மூடி வந்தால்தான் ரோட்டார் வரும். இம்பெல்லரோ அசையவில்லை.

"ஏனுங்கண்ணா, வேற ஒரு கடையில ரெண்டு நாளு போட்டுப் பார்த்தாங்க. கிரப் ஸ்குரூவைக் கழட்டியாச்சுங்க. அடிச்சும் பார்த்தாச்சு, வரமாட்டேங்குது" என்றார் ஆசாரி.

பெரியப்பா சாப்ட்டின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. சுத்தியல் பட்டு முனை விரிந்து, விளிம்பு வெளியே பிதுங்கியிருந்தது. "இனி மத்ததெல்லாம் நல்லா இருந்தாலுமே வராதே இது. ஓட்டையை விட முனை பெருசாயிருச்சு" என்றார். நேராகச் சாப்ட்டில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் பின்னால் இருக்கிற பேரிங்கின் குண்டுகளில் போய் இறங்கும். அடித்தவனுக்கு அது தெரியாது. மோட்டார் ஓடத் தொடங்கி ஒரு மாதம் கழித்து இரைச்சலாகத்தான் தெரியவரும். சுத்தியலை எடுப்பதற்கு முன் நாலு முறை யோசிக்கிற மனுஷர் பெரியப்பா. அந்த அடிகளை ஒரு உயிர்மேல் விழுந்தவையாகவே அவர் பார்த்தார். இன்றைக்கும் ஒரு சாப்ட் முனை நசுங்கியிருப்பதைப் பார்த்தால் எனக்கும் அதே கோபம் வருகிறது.

முதலில் அரத்தை எடுத்துப் பிதுங்கிய விளிம்பை அராவினார். ஓட்டைக்குள் தூள் விழாமல் இருக்க ஈரத்துணியைச் சுற்றிவைத்திருந்தார். பிறகு உப்புத்தாள். அது முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, உங்க பெரியம்மாகிட்டப் போயி ஒரு தையல் ஊசி வாங்கியா சாமி."

வாங்கி வந்தேன். இம்பெல்லரைச் சாப்ட்டோடு பிடித்து நிறுத்தும் கிரப் ஸ்குரூ கழன்ற ஓட்டைக்குள் ஊசியை விட்டு, கரித்தூளைச் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுத்தார். உலைக்களத்துக் கரித்தூளும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. ஊசி ஒரு ஆழத்துக்குப் போய் 'டிக்' என்று நின்றது. இன்னும் சுரண்டினார். டார்ச் அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஓட்டையின் அடியில் ஆறு மூலையுள்ள ஒரு சின்னக் குழி மின்னியது.

இன்னொரு ஸ்குரூ. முதல் ஸ்குரூ அதிர்வில் தளராமல் இருக்க அதன் தலைமேலேயே இரண்டாவதை ஏற்றி இறுக்குவது வழக்கம். மேலே இருந்ததைக் கழற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நம்பி, சாப்ட்டைக் கடித்துக்கொண்டிருந்த கீழ் ஸ்குரூவோடு சேர்த்து அத்தனை அடியும் அடித்திருக்கிறார்கள். பெரியப்பா ஆசாரியை அழைத்து அதைக் காட்டினார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லன் கீ சரியாக உட்காரும் வரை குழியைச் சுத்தம் செய்து, நீளமான பிடி போட்டு மெல்லத் திருப்பினார். ஸ்குரூ வந்துவிட்டது. இம்பெல்லர் வரவில்லை.

துரு என்பது தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். இரும்புச் சாப்ட்டுக்கும் இம்பெல்லரின் அலுமினிய நடுக்குடத்துக்கும் இடையிலிருந்த மயிரிழை இடைவெளியில் அது அடைத்து ஏறியிருந்தது. அலுமினியத்தின் பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது வேறு. பெரியப்பா மோட்டாரை நட்டுக்க நிறுத்தி, சாப்ட்டைச் சுற்றிச் சீமெண்ணெயும் மெல்லிய மெஷின் ஆயிலும் கலந்து ஊற்றினார். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டார். ஆசாரிக்கு வேலை நிற்கிறதே என்ற கவலை. "எண்ணெய் உள்ள போறதுக்கு அதுக்குன்னு நேரம் வேணுமல்ல" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள்தான் நான் மறக்காத வேலை நடந்தது. மூன்றுகால் புல்லர் போடலாமென்றால் அதன் கால் பிடிக்கக் குடத்தின் பின்னால் இடமில்லை. இம்பெல்லர் தட்டின் விளிம்பில் மாட்டி இழுத்தால் இறக்கைகள் வளைந்துவிடும். பெரியப்பா குடத்தின் முகத்தில், சாப்ட்டுக்கு இரு பக்கமும் நேரெதிராக, ஒரே அளவில் இரண்டு ஓட்டை போட்டு, டேப் அடித்து மரை போட்டார். ஒரு பக்கம் மட்டும் எடை குறைந்தால் நிமிஷத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும்போது உதறும், அதனால்தான் நேரெதிர். ஒரு கனத்த பட்டையில் மூன்று ஓட்டை. ஓரத்து இரண்டிலும் போல்ட் விட்டுக் குடத்தில் முடுக்கினார். நடுவில் மரை போட்டு, முனை கூராக்கிய ஒரு போல்ட்டை ஏற்றினார். லேத்தில் கடைந்தபோது சாப்ட் முனையில் விழுந்த நடுப்புள்ளியில் அந்தக் கூர் போய் உட்கார்ந்தது.

போல்ட்டை இறுக்கினார். பட்டை லேசாக வில்லாக வளைந்தது. அங்கேயே நிறுத்திவிட்டார். சீமெண்ணெயைச் சொட்டில்லாமல் துடைத்துவிட்டு, "அம்மிணி, தள்ளி நில்லு" என்று புளோலேம்ப்பைப் பற்றவைத்தார். நெருப்பைச் சாப்ட்டில் காட்டாமல் குடத்தை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதுவும் குடம் மட்டும் சூடேறும்போது ஓட்டை முதலில் அகலும். 19 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 100 டிகிரி கூடினால் 0.04 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அது போதும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, அதனால் விரலில் தண்ணீர் தொட்டுத் தெளித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். துளி 'சுர்' என்று துள்ளியதும் விளக்கை ஆசாரியிடம் கொடுத்துவிட்டு, நடு போல்ட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு.

'டக்.'

பட்டையின் வளைவு நிமிர்ந்தது. ஆசாரி "முருகா" என்றார். அதற்குப் பிறகு ஸ்பானரைத் திருப்பத் திருப்ப, இம்பெல்லர் ஒரு முரண்டும் இல்லாமல் வெளியே நடந்து வந்தது.

காயில் கட்டி, வார்னிஷ் காய்ந்து, பேரிங் இரண்டையும் மாற்றி, திரும்ப மாட்டும்போது சாப்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக் கிரீஸ் தடவினார். ஸ்குரூ இரண்டையும் போட்டார். டேப் அடித்த ஓட்டைகளை மூடச் சொன்னார் ஆசாரி. பெரியப்பா மறுத்துவிட்டார். இனிக் கழற்றுகிறவருக்கு அது வேண்டும், கிரீஸ் மட்டும் அடைத்தால் போதும் என்றார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டவும் சொன்னார்.

ஆசாரி சொன்னபடி செய்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் அந்தப் பட்டையை இரவல் கேட்டு வருவார். சில வருஷம் கழித்து பெரியப்பா அதே அளவில் இன்னொரு பட்டை அறுத்து, ஓட்டை போட்டு, போல்ட்டுகளோடு அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.