ஞாயிறு ஏழு மணி

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு படிவத்தில் 'வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா?' என்ற கேள்விக்கு யோசிக்காமல் 'முடியும்' என்று டிக் அடித்தேன். குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தன்னார்வலரைச் சேர்த்துவிடும் திட்டம் அது. அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். அறிவுரை சொல்லாதீர்கள், காது கொடுத்துக் கேளுங்கள், குறைந்தது ஒரு வருஷமாவது கூட இருங்கள். முதல் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது எழுதி வைக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

எனக்குக் கிடைத்தவன் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்துப் பையன். தமிழ் மீடியம், இன்ஜினியரிங் முதல் வருஷம். ஞாயிறு ராத்திரி ஏழு மணிக்கு ஃபோன். முதல் மூன்று வாரம் 'சரிங்க சார்' தவிர எதுவும் வரவில்லை. நான்தான் பைத்தான், ரெஸ்யூமே என்று லெக்சர் அடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல், "எனக்கு மேத்ஸ்ல அரியர் விழுந்துச்சு, தெரியுமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உங்களுக்கா அண்ணா?" என்றான்.

அன்றைக்கு அவன்தான் பேசினான். வகுப்பில் காதில் விழும் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு போய், ராத்திரி ஹாஸ்டலில் ஒவ்வொன்றாகத் தேடுவானாம். 'டெரிவேட்டிவ்' என்றால் வகைக்கெழு என்று அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறான். "எனக்குத் தெரிஞ்ச கணக்குதாண்ணா. பேருதான் தெரியல."

பத்தாவது வாரம் எங்கள் டீமில் ஒரு பெரிய ரிலீஸ். 'அடுத்த வாரம் பேசலாம்டா' என்று மெசேஜ் போட்டேன். அடுத்த வாரமும் அதையே போட்டேன். அதற்கடுத்த வாரம் எதுவுமே போடவில்லை. ஒருநாள் மீட்டிங்கில் இருக்கும்போது அவனிடமிருந்து வந்தது: 'அண்ணா பிஸியா? நான் எதாவது தப்பா பேசிட்டனா?'

பார்த்தேன். பதில் போடவில்லை. ராத்திரி போடலாம் என்று இருந்தேன். ஒருநாள் தள்ளினால் மறுநாள் இன்னும் கூச்சமாக இருந்தது. ஒருங்கிணைப்பாளர் விசாரித்தபோது 'பேசிட்டுத்தான் இருக்கேன்' என்று பொய்யும் சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, டைம்அவுட் என்று பதிந்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பதினெட்டு வயசுப் பையனால் அப்படி நகர முடியாது. தப்பு தன் மேல்தான் என்று எடுத்துக்கொள்கிறான்.

இது என் கற்பனை இல்லை. நியூயார்க்கில் 1904இல், சிறுவர் நீதிமன்ற எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்டர், வழக்கில் சிக்கிய பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவரைத் துணையாகச் சேர்த்துவிட ஆரம்பித்தார். அந்த முயற்சியும் பிறகு வளர்ந்து சேர்ந்ததுதான் இன்றைய 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பு. அதில் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ பிள்ளைகளின் சுயமதிப்பு குறைந்திருந்தது. அதாவது, பாதியில் விட்டுப்போகும் ஆள் வெறும் பூஜ்ஜியம் இல்லை, மைனஸ்.

அதைப் படித்தபோது நான் அவனிடம் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. என் கணக்கு பத்து வாரம். மூன்று மாதம்கூட இல்லை.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு அடித்தேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன், எடுத்துவிட மாட்டானா என்றும் இருந்தது. ரெண்டாவது ரிங்கிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க சார்."

தப்பு என்னுடையதுதான், நீ எதுவும் தப்பாகப் பேசவில்லை என்று சொன்னேன். வேலையைக் காரணம் காட்டவில்லை. அவனேதான் காட்டினான்: "பரவாயில்ல சார், உங்களுக்கு வேலை இருக்கும்." மேத்ஸ் என்னாச்சு என்று கேட்டேன். "அப்பவே க்ளியர் பண்ணிட்டேன் சார்." அதைச் சொல்லத்தான் அன்றைக்கு மெசேஜ் போட்டானோ என்னவோ, கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது அவன் கடைசி வருஷம். ஞாயிறு ஏழு மணிக்குப் பேசுகிறோம். ரிலீஸ் இருந்தால் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து, 'இன்னிக்குப் பத்து நிமிஷம்தான்டா' என்று சொல்லிவிட்டுப் பேசுகிறேன். அந்தப் பத்து நிமிஷம் போதுமாகத்தான் இருக்கிறது. யாராவது நண்பர்கள் இந்த மாதிரித் திட்டத்தில் சேரப்போவதாகச் சொன்னால், 'வாரம் ஒரு மணி நேரம் இருக்கா?' என்று நான் கேட்பதில்லை. 'அடுத்த வருஷம் இதே தேதியில் இருப்பியா?' என்றுதான் கேட்கிறேன்.

அவன் இன்னும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான்.