எச். எஸ். தாமஸ்: ஒரு தூண்டில்காரரை நினைத்து

தமிழில் மீனைப் பாடியவர்கள் அநேகம். கயல், சேல், கெண்டை என்ற மூன்று சொற்களையும் எடுத்துவிட்டால், பிற்காலக் கவிராயர்கள் பலருக்குப் பெண்ணின் கண்ணைப் பாட வேறு வழியே இருந்திராது. ஆனால் அந்தப் பாடல்களில் மீன் வருவதில்லை, கண்தான் வருகிறது. கெண்டை எங்கே மேய்கிறது, எந்த மாதத்தில் முட்டையிடுகிறது, அதன் வாய் ஏன் கீழ்நோக்கி இருக்கிறது என்று கேட்க அந்த உவமைக்கு அவசியமில்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் கவியல்ல, தமிழரும் அல்லர். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர். தூண்டிலை வைத்து அவர் எழுதிய இரண்டு புத்தகங்கள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. மீன் பிடிப்பதில் அக்கறையே இல்லாத இலக்கிய வாசகரும் அவற்றைப் புரட்டலாம் என்பது என் எண்ணம்.

முதல் புத்தகம் ‘தி ராட் இன் இந்தியா’. 1873இல் மங்களூரில், பாசல் மிஷன் அச்சகத்தின் வழியாக வெளிவந்தது. பின்னாளில் கிட்டெலின் கன்னட அகராதியை வெளியிட்ட அதே அச்சகம். 1881இலும் 1897இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. தென் கன்னட மாவட்டத்தில் பணியாற்றிய காலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் கிடைத்த அனுபவம்தான் அதன் கரு. தலைப்பைப் பார்த்தால் வெள்ளைக்காரத் துரைகளுக்கான பொழுதுபோக்குக் கையேடு என்று தோன்றும். பாதி அப்படித்தான்: எந்த முள், எந்த நரம்பு, கரண்டி வடிவ உலோக இரையை எப்படி இழுப்பது என்றெல்லாம் போகிறது. மறுபாதி மீன்களின் இயல்பு பற்றியும், அவற்றை வளர்ப்பது, அவற்றால் ஒரு நாட்டுக்குக் கிடைக்கும் உணவு ஆகியவை பற்றியும் பேசுகிறது. நீண்ட துணைத்தலைப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்.

தாமஸின் நாயகன் மஹசீர். இந்த மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. மலையாற்றுப் பாறைகளுக்கிடையே வாழ்வதாலும் ஆள் உயரத்துக்கு வளரக்கூடியது என்பதாலும் அது ஏதோ தனி இனம் போலத் தெரிகிறது. வாயைத் திறந்து பார்த்தால் தாடையில் ஒரு பல் இராது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. நத்தையையும் நண்டையும் ஓட்டோடு நொறுக்குபவை அந்தத் தொண்டைப் பற்கள்தாம். நம் ஊர் ஏரிக் கெண்டைக்கும் அதே அமைப்புதான். கெண்டை இனத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அதன் காற்றுப்பையையும் உட்செவியையும் சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலி போல இணைக்கின்றன. அதனால் கரையில் தடதடவென்று நடப்பவனின் காலடி அதற்குக் கேட்டுவிடும். தூண்டில்காரன் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பொறுமை மட்டும் காரணமல்ல.

சால்மன் மீனைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆங்கில உலகத்திடம், விளையாட்டில் மஹசீருக்கு முன்னால் சால்மன் நிற்காது என்று தாமஸ் துணிந்து எழுதினார். அன்றைய நிலையில் அது சிறிய காரியமல்ல. இந்தியாவில் உள்ளது எதுவும் சொந்த நாட்டில் உள்ளதற்கு ஒருபடி கீழே என்று நினைத்த கூட்டத்திடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். இந்திய மீன்களின் பேரேட்டைத் தொகுத்த பிரான்சிஸ் டே, 1874இல் தென் கன்னடத்து ஆற்றுக் கெண்டை ஒன்றுக்குத் தாமஸின் பெயரையே வைத்தார். அந்த மீன் இன்றும் ஹிப்செலோபார்பஸ் தாமஸி என்றுதான் அழைக்கப்படுகிறது. ஒரு தூண்டில்காரனுக்கு இதைவிட நல்ல நடுகல் கிடைக்காது.

ஆனால் என்னை அவரிடம் இழுத்தது மஹசீர் அல்ல. 1887இல் வந்த இரண்டாவது புத்தகம். ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று பெயர். ஏரியிலும் குளத்திலும் தூண்டில் போடுவது பற்றியது. மலையாற்றில் பெருமீனோடு மல்லுக்கட்டிப் பெயர் வாங்கிய ஒருவர், சமவெளியின் கலங்கல் நீருக்குத் திரும்பி, அங்கே தக்கை மெல்ல அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதுதான் எனக்கு ஆச்சரியம். கம்பீரமான காட்சி ஏதும் இல்லாத இடத்தில் கவனத்தை வைக்கிறவரே நல்ல எழுத்தாளர் என்று நான் நம்புகிறேன்.

நான் காஞ்சிபுரத்துக்காரன். எங்கள் சீமைக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். பாலாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான். செய்யாறும் வேகவதியும் அப்படித்தான். ஆகவே மழை நீரைத் தேக்கிவைத்தே இங்கே ஊர்கள் உண்டாயின. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் பேசுகிறோம். அவற்றிலே ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஏரி வாரியம் ஒன்று இருந்ததும் பதிவாகியிருக்கிறது. கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்ற சொல்லை, குளத்து மீனைப் பிடிக்கும் உரிமைக்கான கட்டணம் என்று கல்வெட்டறிஞர்கள் பொருள்கொள்வர். இன்றும் ஏலத்தில் அதற்கு ‘மீன்பாசிக் குத்தகை’ என்றே பெயர். ஆயிரம் வருஷங்களில் அந்தப் பாசி மட்டும் காகிதத்தில் பிழைத்துக் கிடக்கிறது.

நெசவுத் தெருக்களில் மழைக்காலம் கஷ்டகாலம். தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் நீர் ஊறும். பட்டு நூல் ஈரம் வாங்கும். எங்கள் பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர் அந்த நாட்களில் மூங்கில் கழியும் மயில் தோகைத் தண்டில் செய்த தக்கையுமாக ஏரிக்கரைக்குப் போய்விடுவார். கோதுமை மாவையும் புண்ணாக்கையும் பிசைந்து உருட்டி இரை வைப்பார். தக்கை படுத்தால் கெண்டை கீழிருந்து இரையைத் தூக்குகிறது என்று அர்த்தம், விறுவிறுவென்று உள்ளே போனால் விரால், சும்மா துடித்தால் பொடி மீன் கொறிக்கிறது, அதைச் சட்டை செய்யாதே என்பார். இழைக்கு இழை கணக்கு வைத்த கண் அது. அவர் ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. பல வருஷம் கழித்துத் தாமஸைப் படித்தபோது, இந்த மனிதரின் வகையைச் சேர்ந்த அறிவு ஒன்று அச்சில் ஏறியிருப்பதைக் கண்டேன். இங்கே கலெக்டருக்கு அச்சகம் கிடைத்தது, நெசவாளருக்குக் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுத் தாமஸைப் பாராட்டுவது நியாயமாகாது.

பழந்தமிழில் இந்தப் பிரிவினை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அகநானூற்றிலும் ஐங்குறுநூற்றிலும் மருதத் திணைப் பாடல்களில், மெல்லிய கோலும் தூண்டிலுமாக மீன் பிடிக்கும் பாண்மகள் வருகிறாள். பாணர் என்றால் யாழிசைத்துப் பாடியவர்கள் என்று மட்டுமே பள்ளியில் படித்திருக்கிறோம். அவர்களே வயல் மடுவிலும் கயத்திலும் மீன் பிடித்து விற்ற குடியினரும் ஆவர். பாட்டும் தூண்டிலும் ஒரே வீட்டில் இருந்தன. அந்த வீடு என்றோ இடிந்தது. பாட்டு மேலே போயிற்று, தூண்டில் கீழே போயிற்று. மீன், கண்ணுக்கு உவமையாக மட்டும் எஞ்சியது.

தாமஸின் எழுத்தில் சங்கடப்படுத்துவது ஒன்று உண்டு, கனமானதும் அதுவே. மலையோடைகளில் சிறுகண் வலைகளாலும் கூடைப் பொறிகளாலும் குஞ்சுகள் கூண்டோடு அள்ளப்படுவதையும், நச்சுக் காயும் பட்டையும் அரைத்துக் கலந்து மடுவையே கொல்வதையும் அவர் பார்த்தார். தென் கன்னடத்து மீன்வளம் பற்றி 1870இல் ஒரு அறிக்கை எழுதினார். மீன், ஏழைகளுக்கு எட்டக்கூடிய உணவு. அதைப் பயிர் போலக் காக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவரும் டேயும் வேறு சிலரும் இப்படி ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகு, 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வது குற்றமாயிற்று.

இதற்கு மறுபக்கம் உண்டு. காட்டு நச்சுக்காய் மலைவாழ் மக்களின் பழைய வழக்கம். கோடையில் ஒரு மடுவைக் கலக்கி ஊரே பங்கிட்டுக்கொள்வது அவர்களுக்குத் திருவிழா. அதே காலத்தில் 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே காப்பாற்றப்பட்டதில் பெரும்பகுதி துரைமார்களின் விளையாட்டு. தூண்டில் கனவானின் கருவி, பொறி காட்டானின் கருவி என்ற தரம் பிரித்தல் தாமஸின் காலத்துக் காற்றிலேயே இருந்தது. அவரை அதிலிருந்து முற்றிலும் விடுவிக்க நான் முயலவில்லை. ஆனால் தன் விருப்பத்தை அவர் ஒளிக்கவில்லை. தான் பிடிப்பதற்கு நாளையும் மீன் இருக்க வேண்டும் என்ற சுயநலம் அவரை ஓடைக்கு அழைத்துப் போனது. போன இடத்தில் குஞ்சுகளை எண்ணினார். எண்ணியதை எழுதினார். அன்பு என்று நாம் சொல்லிக்கொள்வது பல சமயம் இந்த அளவுக்குக்கூட வேலை செய்வதில்லை.

நம்மிடம் வேறொரு வழி இருந்தது: பக்தி. சிருங்கேரியில் துங்கை நதிக்கரையில் மீனுக்குப் பொரி போடுகிறார்கள், பிடிப்பதில்லை. தாமஸ் உத்தியோகம் பார்த்த அதே தென் கன்னடத்தில், கபிலா நதிக்கரையில் சிசிலா என்ற ஊர். அங்கே சிவன் கோயிலை ஒட்டிய மடுவில் மஹசீர்கள் தலைமுறைகளாகத் தெய்வ மீன்களாக வாழ்ந்தன. 1996இல் யாரோ நஞ்சு கலந்தார்கள். ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. சட்டம் வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்தி அதற்கும் எத்தனையோ காலம் மூத்தது. இரண்டும் அன்று காவலுக்கு இல்லை. அதன் பிறகு ஊர்க்காரர்கள் குழு அமைத்து முறைவைத்துக் காத்தபோதுதான் மீன்கள் திரும்பின.

காவிரியின் கதையும் இதைத்தான் சொல்கிறது. கூன்முதுகு மஹசீர் காவிரிப் படுகைக்கே உரியது. 1946இல் கபினியில் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்தது 120 பவுண்டு. உலகமெங்கும் புகழ்பெற்ற அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர், தோர் ரேமாதேவி, 2018இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. அணைகளும் மணல் கொள்ளையும் வெடியும் காரணங்கள். நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீரும் ஒரு காரணம். இது எப்படித் தெரிந்தது? காலிபோர் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட ஒவ்வொரு மீனையும் தூண்டில்காரர்கள் குறித்துவைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தபோது, ஒரு மீன் பெருகப் பெருக மற்றது மறைந்துகொண்டு வந்தது புலப்பட்டது. சரணாலயத்தில் தூண்டில் தடைசெய்யப்பட்ட பிறகு முகாம் நின்றது, குறிப்பேடும் நின்றது. தடை சரியா தவறா என்று வாதம் நடக்கட்டும். எழுதுகிறவன் போய்விட்டால் இழப்பும் பதிவாகாமல் போகிறது என்பதில் வாதமில்லை.

காஞ்சியில் அத்தி வரதருக்காக அனந்தசரஸ் குளத்தை நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை இறைக்கிறார்கள். 1939, 1979, 2019 என்று வருஷங்கள் அனைவருக்கும் மனப்பாடம். குளத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெருமாள் என்று குழந்தையும் சொல்லும். எந்த மீன்கள் என்று கேட்டால் பெரியவர்களும் விழிக்கிறார்கள். வேகவதியில் சாயமும் சாக்கடையும் ஓடுகின்றன. ஏரிகளில் தூண்டிலுக்கு அகப்படுவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. அது பெயரளவில்தான் கெண்டை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியா அது. கெண்டை இனத்தோடு அதற்கு உறவில்லை. சேலும் கயலும் கவிதையில் அப்படியே துள்ளிக்கொண்டிருக்கின்றன. நீரில் அவை குறைந்ததை எந்தக் கவிதையும் கண்டுகொள்ளவில்லை.

தாமஸின் புத்தகங்கள் இரண்டும் இன்று மின்நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவரை வணங்கிப் படிக்க வேண்டியதில்லை. அவர் பார்த்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நெசவாளர் போன்றவர்கள் இன்னும் நம் ஏரிக்கரைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தக்கை படுத்தால் என்ன அர்த்தம், எந்த மழையில் எந்த மீன் கலங்கல் ஏறி வரும், இருபது வருஷத்துக்கு முன் பிடித்து இப்போது கிடைக்காத மீன் எது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எழுத்தில் ஆர்வமுள்ள நாம் செய்யக்கூடிய வேலை அது. ஏரி இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.